அளந்தாயிற்று, யாரிடம் சொல்வது?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்ற கல்லூரி நகரம் இருக்கிறது. அதன் நடுவே ஹூரான் ஆறு போகிறது. 1984இல் அந்த ஆற்றில் பாய் கட்டிய பலகையில் சவாரி போன பள்ளி மாணவர் சிலருக்கு ஹெபடைடிஸ்-ஏ வந்தது. மலம் கலந்த தண்ணீர் வாய்க்குள் போனால் தொற்றும் மஞ்சள் காமாலை அது. ஹூரான் உயர்நிலைப் பள்ளியின் உயிரியல் வகுப்பு சும்மா இருக்கவில்லை. பிள்ளைகள் ஆற்றுக்குப் போய்ப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து கிருமி எண்ணினார்கள். எண்ணிக்கை எக்கச்சக்கம், மழை பெய்த பிறகு இன்னும் மோசம். தேடிக்கொண்டே போனதில் பழுதான மழைநீர் வடிகாலில் போய் நின்றது விவகாரம்.

அந்த வகுப்புக்குக் கைகொடுத்தவர் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்டாப். சுற்றுச்சூழல் கல்வி என்றால் என்னவென்று 1969லேயே வரையறுத்து எழுதியவர். அடுத்து அவர் கண் போனது டெட்ராய்ட் பக்கம் ஓடும் ரூஜ் ஆற்றின்மேல். ரூஜ் சாதாரண ஆறு அல்ல. ஃபோர்டு கார் ஆலையைத் தழுவிக்கொண்டு போகும் அந்த ஆற்றின் எண்ணெய்ப் படலம் 1969 அக்டோபரில் தீப்பற்றி எரிந்தது. 1985இல் அதில் தவறி விழுந்து தண்ணீர் குடித்துவிட்ட இளைஞர் ஒருவர் எலிக்காய்ச்சலில் இறந்தார். 1987இல் ஸ்டாப் குழுவினர் அந்த ஆற்றின் கரையோரப் பள்ளிகளைச் சேர்த்து, எல்லாரும் ஒரே காலத்தில் நீர் எடுத்துச் சோதித்து, முடிவுகளைக் கணினி வழியே பரிமாறிக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். மேற்பகுதியில் வசதியான புறநகர்ப் பள்ளிகள். கீழ்ப்பகுதியில் ஆலைப் புகைக்கு நடுவே உள்ள பள்ளிகள். சாதாரணமாக இந்த இரண்டு கூட்டத்துப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். மேலே இருப்பவன் விட்டது கீழே இருப்பவன் தலையில் விழுகிறது என்ற விஷயம் எண்களாக அவர்கள் முன் வந்து நின்றது. 1989இல் இந்த முயற்சி ‘கிரீன்’ என்ற பன்னாட்டு வலைப்பின்னலாக விரிந்தது. இன்று உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஓடையில் இறங்குகிற காட்சிக்குப் பெரிய வேர்களில் ஒன்று இது.

நாற்பது வருடம் ஆகிவிட்டது. பிள்ளைகள் அளப்பதால் ஓடைக்கு ஏதாவது நன்மை உண்டா? அவர்கள் எண்களை நம்பலாமா? இந்த இரண்டைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கே ஆராய்ச்சியாளர்கள் அதிகம் மெனக்கெட்டிருக்கிறார்கள். எனக்கென்னவோ அது ஏறக்குறைய தீர்ந்துபோன கேள்வியாகப் படுகிறது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அதற்கு வருமுன் இவர்கள் என்ன அளக்கிறார்கள் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

ரூஜ் பிள்ளைகள் கையில் இருந்தது ஒன்பது சோதனைகள் கொண்ட நீர்த் தரக் குறியீடு. 1970இல் அமெரிக்காவின் தேசியத் துப்புரவு நிறுவனம் 142 வல்லுநர்களிடம் கருத்துக் கேட்டு வகுத்தது அது. கரைந்த ஆக்சிஜனுக்கு 17 சதவீத எடை, மலக் கோலிஃபார்முக்கு 16, பி.எச்.சுக்கும், அழுக்கைச் சிதைக்கக் கிருமிகள் இழுக்கும் ஆக்சிஜனான பி.ஓ.டி.க்கும் 11 வீதம், வெப்பநிலை மாற்றம், பாஸ்பேட், நைட்ரேட் மூன்றுக்கும் 10 வீதம், கலங்கலுக்கு 8, மொத்தத் திடப்பொருளுக்கு 7. எல்லாவற்றையும் கூட்டினால் நூற்றுக்கு இத்தனை என்று ஓடைக்கு ஒரு மார்க். 70க்கு மேல் போனால் நல்ல நீர்.

மார்க் போட்டால் பிள்ளைகளுக்கு உடனே புரியும். அதுதான் இதன் கவர்ச்சி. ஓட்டையும் அங்கேதான். ஒரு ஓடை மற்ற எட்டுச் சோதனையிலும் 90 வாங்கி, மலக்கிருமியில் மட்டும் முட்டை வாங்கியது என்று வையுங்கள். 84 சதவீதம் பெருக்கல் 90, மொத்தம் 75.6. நல்ல நீர்! நம் ஊர்ப் பத்தாம் வகுப்பில்கூட ஒரு பாடத்தில் 35 எடுக்காமல் போனால் மொத்தத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது. ஓடைக்கு அந்தக் கண்டிப்பு இல்லை. பின்னால் கூட்டலுக்குப் பதில் பெருக்கல் முறை வந்து இந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது. ஆனால் பள்ளிகளில் நெடுங்காலம் புழங்கியது கூட்டல்தான்.

ஒன்பதில் எனக்குப் பிடித்தது ஆக்சிஜன் சோதனை. மின்கருவி வைத்துப் பார்ப்பதைச் சொல்லவில்லை. ஹங்கேரிய வேதியியலர் லாயோஷ் விங்க்ளர் 1888இல் கண்டுபிடித்த பழைய முறை. கண்ணாடி மூடி போட்ட குப்பியைத் தண்ணீருக்கடியில் வைத்து, ஒரு குமிழிகூட மிஞ்சாமல் நிரப்ப வேண்டும். அதில் மாங்கனீசு சல்ஃபேட்டும் காரம் கலந்த அயோடைடும் விட்டு மூடிக் குலுக்கினால், பால் திரிந்தாற்போல் திட்டுத்திட்டாக ஏதோ இறங்கும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் அந்தத் திட்டு காப்பி டிகாக்‌ஷன் நிறத்துக்குப் போகும். இல்லையென்றால் வெள்ளையாகவே கிடக்கும். அந்த வெள்ளையைப் பார்க்கிறபோது வகுப்பில் சத்தம் அடங்கிவிடும். யாரும் விளக்க வேண்டியதில்லை. பிறகு அமிலம் விட்டதும் திட்டு கரைந்து தேன் நிறமாகும். ஸ்டார்ச் சேர்த்து நீலமாக்கி, பியூரெட்டிலிருந்து தயோசல்ஃபேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் மறைகிற சொட்டைப் பிடிக்க வேண்டும். கடைசிச் சொட்டில் கை நடுங்கி இரண்டு சொட்டு விழாத மாணவரை நான் பார்த்ததில்லை.

(சோதித்த மிச்சத்தை எங்கே கொட்டுவது என்பது இந்தத் துறையின் பழைய சங்கடம். சில நைட்ரேட் சோதனைப் பொடிகளில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கிறது. ஓடை சுத்தமா என்று பார்த்துவிட்டு அந்தக் காட்மியத்தை ஓடையிலேயே ஊற்றிவிட்டு வந்தவர்களும் உண்டு.)

எண் சரியாக வந்தாலும் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். ஒருமுறை ஒரு பள்ளிக் குழுவோடு பாசி படர்ந்த ஓடை ஒன்றுக்குப் போயிருந்தேன். பிற்பகல் மூன்று மணி, தண்ணீர் 30 டிகிரி. ஆக்சிஜன் லிட்டருக்கு 12 மில்லிகிராம் என்று வந்தது. பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். ஓடை ஆரோக்கியம் என்று நோட்டில் எழுதியாயிற்று. அந்த வெப்பத்தில் நல்ல தண்ணீர் பிடித்துவைக்கக்கூடிய ஆக்சிஜனே ஏழரை மில்லிகிராம் சொச்சம்தான். மீதி, வெயிலில் பாசி கக்கியது. அதே பாசி ராத்திரி முழுக்க அந்த ஆக்சிஜனைத் தின்னும்; விடிகாலை ஐந்து மணிக்கு வந்து அளந்திருந்தால் மீன் மூச்சுத் திணறுகிற கணக்கு வந்திருக்கும். பள்ளிக்கூட நேரம் ஒன்பதரைக்குத் தொடங்குகிறது. பல ஓடைகளின் உண்மை அதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

இதனால்தான் ஓடையில் வாழும் பூச்சிகளைப் பார்த்துத் தரம் சொல்பவர்களின் கட்சி வலுத்தது. வேதிச் சோதனை சொல்வது அந்த நிமிடத்துத் தண்ணீரின் கதை. அளந்து முடிப்பதற்குள் அந்தத் தண்ணீர் கடலைப் பார்த்துப் போய்விடும். கல்லுக்கடியில் இருக்கிற புழு மாதக்கணக்கில் அங்கேயே குடியிருக்கிறது. நேற்று ராத்திரி யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டியது அதற்குத் தெரியும்.

முறை எளிது. ஒருவர் நீரோட்டத்துக்கு எதிர்முகமாக வலையைப் பிடித்துக்கொள்வார். இன்னொருவர் அதற்கு மேல்பக்கம் நின்று காலால் கல்லையும் மணலையும் கிளறுவார். வலையில் சேர்ந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதலில் இலைச் சருகும் மணலும்தான் தெரியும். ஒரு நிமிடம் போனால் சருகு நடக்கத் தொடங்கும். வாலில் மூன்று இழை வைத்துக்கொண்டு வயிற்றோரச் செவுள்களை விசிறிபோல் அடித்துக்கொள்வது மேஃப்ளையின் இளம்புழு. இரண்டு இழை மட்டும் இருந்தால் ஸ்டோன்ஃப்ளை; ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் அது தண்டால் எடுக்கும். செவுளில் தண்ணீர் ஓட்டத்தைக் கூட்டிக்கொள்ள உடம்பை ஏற்றி இறக்குகிற அந்தக் காட்சியைத் தட்டிலேயே பார்க்கலாம். மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு அதைச் சுமந்து திரிவது காடிஸ்ஃப்ளை. நம் தட்டானும் ஊசித்தட்டானும் குழந்தைப் பருவத்தைத் தண்ணீருக்குள் கழிப்பவை என்பதை எத்தனையோ பேர் அந்தத் தட்டில்தான் முதன்முதலில் தெரிந்துகொள்கிறார்கள்.

இந்த வழியில் மிக அழகாக வந்த கருவி தென்னாப்பிரிக்காவின் ‘மினிசாஸ்’. அங்கே வல்லுநர்களுக்கென்று பூச்சி மதிப்பெண் முறை ஒன்று இருந்தது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களை இனம் பிரிக்க வேண்டும். கிரஹாம், டிக்கன்ஸ், டெய்லர் மூவரும் அதை 13 கூட்டமாகச் சுருக்கி 2004இல் வெளியிட்டார்கள். மண்புழு வகைக்கும் அட்டைக்கும் 2 மதிப்பெண், நத்தைக்கு 4, நண்டுக்கும் தட்டானுக்கும் 6, ஸ்டோன்ஃப்ளைக்கு 17. கிடைத்த கூட்டங்களின் மதிப்பெண்ணைக் கூட்டிச் சராசரி எடுத்தால் போதும். ஸ்டோன்ஃப்ளை, நண்டு, தட்டான், நத்தை கிடைத்தால் 33ஐ நாலால் வகுக்க எட்டேகால்; அருமையான ஓடை. புழுவும் அட்டையும் ஈக்குஞ்சும் மட்டும் என்றால் சராசரி 2. மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே ஏற வேண்டியதுதான். எத்தனை பூச்சி என்று எண்ணத் தேவையில்லை. பெயர்கூடத் தெரிய வேண்டாம், படத்தோடு ஒப்பிட்டால் போதும்.

சரி, நம்பலாமா? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் லெஸ்கா ஃபோர் குழுவினர் செய்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் களத்தில் சேகரித்த மாதிரிக்கும் வல்லுநர் சேகரித்ததற்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அடுத்த வருடமே வர்ஜீனியாவில் எங்கல், வோஷல் இருவரும் வேறு விதமான முடிவு சொன்னார்கள்: அங்கே தன்னார்வலர் பயன்படுத்திய முறை ஓடைகளுக்கு அளவுக்கு மீறி மார்க் போடுகிறது. படிக்க முரண்போல் இருக்கும், இல்லை. வர்ஜீனியாவில் குற்றம் ஆட்கள்மேல் இல்லை, படிவத்தின்மேல். ஒரு வகைப் பூச்சி ஒன்றே ஒன்று கிடைத்தாலும் முழு மதிப்பெண் தரும் படிவம் அது. எண்ணிக்கையையும் கணக்கில் எடுக்கும்படி மாற்றியதும் முடிவுகள் வல்லுநர் கணக்கோடு ஒத்துவந்தன. ஆகப் பயிற்சியும் நல்ல படிவமும் இருந்தால் பிள்ளைகள் அளப்பதை நம்பலாம். இரண்டும் இல்லையென்றால் முனைவர் பட்டம் பெற்றவர் அளந்தாலும் நம்ப முடியாது.

எனக்கு முக்கியமாகப் படுவது அளந்த தாள் எங்கே போகிறது என்பது. உலகத்து முயற்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நிலைத்தவற்றுக்கும் இரண்டு வருடத்தில் அலமாரிக்குப் போனவற்றுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் இதுதான். வாங்கிக்கொள்ள ஒருவர் இருந்தாரா, வாங்கியவர் பதில் சொல்லக் கட்டுப்பட்டவரா?

ஜப்பானில் அரசே கேட்டது. 1984 முதல் அங்கே நீர்வாழ் உயிரிகளை வைத்து நாடு தழுவிய ஆற்றுக் கணக்கெடுப்பு நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அதில் பெரும்பங்கு. தண்ணீருக்கு நாலே தரம்: சுத்தம், ஓரளவு சுத்தம், அழுக்கு, படு அழுக்கு. அறிவியலர் சிலர் இதைப் பார்த்து முகம் சுளிக்கலாம். ஆனால் கேட்டவரும் அரசு, வெளியிடுபவரும் அரசு. பிள்ளைகள் கத்திக் கவனம் ஈர்க்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் தூண்டில்காரர்களை வைத்து 2007இல் ரிவர்ஃப்ளை திட்டம் நாடு முழுக்கப் பரவியது. அங்கே ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எச்சரிக்கை எல்லை முன்கூட்டியே குறித்திருக்கும். மாதாந்திரக் கணக்கு அதற்குக் கீழே போனால் சுற்றுச்சூழல் முகமைக்குத் தகவல் போக வேண்டும். அவர்கள் விசாரிப்பார்கள் என்பது ஏற்பாடு. 2013 ஜூலையில் கென்னட் ஆற்றில் நன்னீர்ச் சிற்றிறால்கள் கூட்டமாகச் செத்துப்போனதைத் தன்னார்வலர்களே முதலில் கவனித்தார்கள். குளோர்பைரிஃபாஸ் என்ற பூச்சிமருந்து, மார்ல்பரோ ஊரின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வழியாக வந்திருந்தது. சுமார் 15 கிலோமீட்டர் தூரம் பூச்சியினம் அற்றுப்போனது. மீன் எதுவும் சாகவில்லை. ஆகவே பூச்சி பார்க்க ஆளில்லாதிருந்தால் அந்த விபத்து நடந்ததாகவே யாருக்கும் தெரிந்திருக்காது. இவர்கள் மாணவர்கள் அல்ல, வளர்ந்தவர்கள். பாடம் மாணவர் திட்டங்களுக்கும் பொருந்தும்.

சிட்னியின் ஸ்ட்ரீம்வாட்ச் 1990இல் குடிநீர் வாரியத்தின் கையில் பள்ளிகளோடு தொடங்கி, பின்னர் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்துக்குப் போய், அங்கிருந்து நிலப்பராமரிப்புத் தன்னார்வ அமைப்பு ஒன்றுக்குக் கைமாறியது. மூன்று வீடு மாறியும் பிழைத்திருப்பதே பெரிய விஷயம்தான். இருந்தாலும் குழாய்க்குப் பொறுப்பானவர் கையிலிருந்து அருங்காட்சியகத்துக்குப் போனபோது எண்ணின் கனம் கொஞ்சம் குறைந்திருக்கத்தானே வேண்டும்?

மினிசாஸ் பிறந்த அதே குவாசூலு-நாட்டால் பகுதியில், ஹோவிக் பக்கம் உம்போஃபோமேனி என்ற ஊர் இருக்கிறது. அதன் கழிவுநீர் வழிந்து ஓடைவழி மிட்மார் அணைக்குள் போகிறது. அணை சுற்றுவட்டார நகரங்களுக்குக் குடிநீர். அங்குள்ள இளைஞர்கள் பூச்சி பார்ப்பதோடு நிற்கவில்லை. தெருத்தெருவாகப் போய் எந்த மேன்ஹோல் பொங்குகிறது, எந்த நாளில் புகார் சொன்னோம், எந்த நாளில் சரிசெய்தார்கள் என்று எழுதிவைத்தார்கள். ஓடைக்கு மார்க் போடுவதைவிட இது நச்சென்று இருக்கிறது. ஓடையின் மார்க் குறைந்தால் யார்மேலும் பழி விழாது. மேன்ஹோலுக்கு முகவரி உண்டு.

ரூஜ் ஆற்றுக்கே திரும்பினால் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஆறு இன்று எவ்வளவோ தேறியிருக்கிறது. அதைத் தேற்றியது பிள்ளைகளின் பியூரெட் அல்ல. 1972இன் தூய நீர்ச் சட்டம், நீதிமன்றக் கண்காணிப்பு, 1990களில் மத்திய அரசு கொட்டிய பணம், மழைக்காலத்தில் வழியும் சாக்கடையைப் பிடித்துவைக்கக் கட்டிய பெருந்தொட்டிகள்: இவைதாம் வேலை செய்தன. பிள்ளைகள் செய்தது, வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவிடம் சொன்னது. வரி கூடும்போது எதற்கென்று புரிந்துகொண்ட வாக்காளர்கள் அந்த ஊரில் இருந்தார்கள். இதை அளக்கக் கருவி இல்லாததால் எந்த அறிக்கையிலும் வருவதில்லை.

வாஷிங்டன் மாநிலத்து எவரெட் நகரில் ஜாக்சன் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பிஜன் ஓடையைத் துப்புரவு செய்து, வகுப்பறைத் தொட்டியில் சாமன் மீன்குஞ்சு வளர்த்து விட்டதையும், போன மீன் கடலிலிருந்து திரும்பி வந்ததையும் எல்லாரும் எடுத்துச் சொல்வார்கள். மோலி கோன் அதைப் புத்தகமாகவே எழுதினார். நெகிழ்ச்சியான கதை. ஆனால் எல்லா ஓடைக்கும் மீன் திரும்பி வராது. மீனை எதிர்பார்த்து இறங்கிய வகுப்பு இரண்டாவது வருடம் வராமல் போய்விடும்.

நம் பக்கம் வந்தால் இந்தக் கருவிகளில் பாதி உதவாது. இவை வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற, கல் படுகை உள்ள, குளிர்ந்த ஓடைகளுக்காக உருவானவை. நம் ஓடையில் வடகிழக்குப் பருவமழை முடிந்து சில மாதம் மழைநீர். அப்புறம் ஓடுவது வீட்டுச் சாக்கடைதான். ஏப்ரலில் அளப்பது ஓடையையா, ஊரின் குளியலறையையா? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நெதர்லாந்து நாட்டவரோடு சேர்ந்து இந்திய ஆறுகளுக்கென்று பூச்சிக் குறியீடு ஒன்றை வகுத்திருக்கிறது. நீலம் என்றால் சுத்தம், பிறகு வெளிர்நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று ஐந்து நிறம். நம் பள்ளிகளின் பசுமைப் படைப் பிள்ளைகள் கையில் அது போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. மலக்கிருமிக்கு நம் நாட்டிலேயே கண்டுபிடித்த மலிவான சோதனை இருக்கிறது: குவாலியர் பாதுகாப்பு ஆய்வகத்தினர் 1982இல் வெளியிட்ட, தண்ணீர் கறுத்தால் கெட்டது என்று சொல்லும் குப்பி. குடிநீருக்கு அருமையானது. ஓடைக்கு வைத்தால் எப்போதும் கறுக்கும். இருக்கிறது என்று சொல்லுமே தவிர எவ்வளவு என்று சொல்லாது.

சென்னையின் கூவத்தைப் பற்றி மாணவர் சொல்லித் தெரிய வேண்டியது எதுவுமில்லை. ஆவடியிலிருந்து சத்யா நகர் வரையான பகுதியில் பி.ஓ.டி. லிட்டருக்கு 345 மில்லிகிராம் வரை போனதை வாரியத்தின் 2022 அறிக்கையே அச்சிட்டிருக்கிறது. குளிக்கத் தகுந்த நீருக்கு அது 3க்குள் இருக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் பிள்ளைகளை இறக்கிப் பூச்சி தேடச் சொல்வது பாவம். எலிக்காய்ச்சல் ரூஜ் ஆற்றுக்கு மட்டும் சொந்தமானதல்ல. பாலத்தின்மேல் நின்று வாளியைக் கயிற்றில் இறக்கி எடுக்கலாம்; கையுறை போட்டுக்கொண்டு, மேலே வைத்தே சோதிக்கலாம். இல்லையென்றால் உம்போஃபோமேனி வழியில் போகலாம்: தண்ணீரை விட்டுவிட்டு, அதற்குள் திறக்கும் குழாய்களை எண்ணலாம்.

இன்னொன்று. அடையாற்றின் முகத்துவாரத்தில் நீர் எடுத்தால், அது ஆறா கடலா என்பதை நேரம்தான் தீர்மானிக்கும். ஏற்றத்தில் கடல் உள்ளே வந்து உப்பையும் ஆக்சிஜனையும் கொண்டுவரும். வற்றத்தில் மேலே தேங்கிய சாக்கடை இறங்கும். ஆறு மணிநேர இடைவெளியில் ஒரே இடத்தில் எடுத்த இரண்டு குப்பி இரண்டு ஊர்த் தண்ணீர்போல் இருக்கும். நான் பார்த்த பள்ளிப் படிவங்களில் தேதி, நேரம், வெப்பநிலை, வானிலை எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. ஏற்றமா வற்றமா என்பதற்குக் கட்டம் இல்லை. அந்த முகத்துவாரக் கரையிலுள்ள ஊரூர் குப்பத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருக்கும் யாரைக் கேட்டாலும் இன்றைக்கு வற்றம் எத்தனை மணிக்கு என்று சொல்லிவிடுவார்கள். அந்தத் தண்ணீரில் தினம் இறங்குகிறவர்கள் அவர்கள். குப்பியில் என்ன வந்தது என்று அவர்களும் திருப்பிக் கேட்பார்கள்.